கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: பேஸ்பாலில் 162 ஆட்டம் ஆடும் சீசனில் கடைசியில் ஒன்றை ஜெயித்தால் அப்படி என்ன சார் துள்ளல்? – மதுரை வாசகி

பதில்: 2011 செப்டம்பர் 28 அன்று நான் அமெரிக்காவில், டாம்பா நகரில் குடியிருந்தேன் அம்மா, அதனால் கேட்காதீர்கள்! எங்கள் ஊர் அணியான ரேஸ் (Rays), அடுத்த சுற்றுக்கான கடைசி இடத்துக்குப் போட்டியிட்ட பாஸ்டன் அணியைவிட அந்த மாதத் தொடக்கத்தில் 9 ஆட்டம் பின்தங்கியிருந்தது. எட்டிப்பிடித்துச் சமமாகி, கடைசி நாள் நியூயார்க் யாங்கீஸ் அணியுடன் மோதினால் 7-0 என்று பின்னடைவு. டிவியை அணைத்துவிட்டு இட்லிக்கு மாவாட்டப் போய்விட்டேன்.

கிரைண்டர் சத்தத்தையும் மீறிப் பக்கத்து வீட்டில் கூச்சல். ஓடிவந்து பார்த்தால் 7-6! ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸ், இரண்டு அவுட், இரண்டு ஸ்ட்ரைக். இன்னும் ஒரு ஸ்ட்ரைக் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. மட்டை பிடித்தவர் டான் ஜான்சன். அந்த வருஷம் அதுவரை அவர் சராசரி .108, அதாவது பத்து முயற்சிக்கு ஏறக்குறைய ஒரு வெற்றி அடி; நம்மூர்க் கணக்கில் பத்தாம் நம்பர் ஆட்டக்காரர் என்று வையுங்கள். அவர் அடித்த பந்து வலது ஓரக் கம்பத்தை ஒட்டிப் போய் விழுந்தது. ஹோம் ரன், நம்மூர் சிக்ஸர் மாதிரி! 7-7 சமம். மாவுக் கையோடு சோபாவைப் பிடித்துவிட்டேன், அந்தத் தடம் கடைசி வரை போகவில்லை.

நள்ளிரவு தாண்டி, பால்டிமோரில் பாஸ்டன் தோற்றது. சில நிமிடங்களில், சமநிலையால் நீண்டுபோன எங்கள் ஆட்டத்தின் 12வது இன்னிங்ஸில், எங்கள் லாங்கோரியா இடப்பக்கத் தாழ்ந்த சுவரைத் தாண்டி அடித்தார். 8-7. அடுத்த சுற்று எங்களுக்கு!

அடுத்த வாரமே அந்தச் சுற்றில் டெக்ஸாஸ் அணியிடம் தோற்று வெளியேறினோம். சரி, அதை யார் கேட்டார்கள்? மாவுதான் அன்று ரொம்ப நைசாக அரைபட்டுவிட்டது.