தராசை நம்பாதவர்களுக்கு ஒரு வேலை

பொகவந்தலாவை தங்கச்சிக்கு,

மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் முடித்து, ஏரோஸ்பேஸ் மாஸ்டர்ஸ் படிக்க மொன்றியல் வந்து மூன்று மாதம் என்கிறீர்கள். விமானப் பரிசோதனை வேலைக்குப் போக ஆசை, ஆனால் எல்லோரும் ஐடிக்குப் போ என்கிறார்கள், எதைக் கேட்பது என்பது உங்கள் கேள்வி. நான் இப்போது லீவில் நோட்டன் பிரிட்ஜில் அம்மாவோடு இருக்கிறேன். ஆறுதலாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று: பரிசோதனைப் பிரிவில் நீங்கள் விமானம் ஓட்டப் போவதில்லை. பெரும்பாலும் பறக்கவும் மாட்டீர்கள். சீட்டெல்லாம் கழற்றி, எடையை முன்பின் மாற்றத் தண்ணீர்ப் பீப்பாய்கள் வைத்து, செம்மஞ்சள் வயர் ஓடவிட்ட ஒரு விமானம்; அது அனுப்பும் எண்களைத் தரையில் உட்கார்ந்து பார்ப்பதுதான் வேலை. அந்த எண்களை நம்பலாமா என்று கேட்பதற்கே சம்பளம்.

உயரமானியை எடுங்கள். அது காட்டுவது காற்றழுத்தம். விமானத்தின் உடம்பே சுற்றியுள்ள காற்றைக் கலைப்பதால் அதில் பிழை வரும். அதனால் வாலிலிருந்து நீளமான குழாயொன்றை, நுனியில் கூம்போடு, கலையாத காற்றில் இழுத்துப் போய் இரண்டு அளவையும் ஒப்பிடுவார்கள். என் முதல் வருடத்தில் இரண்டு பதிவுக் கருவிகளின் நேரம் கால் வினாடி விலகியிருந்தது. மணிக்கு 460 கிலோமீட்டர் வேகத்தில் அந்தக் கால் வினாடிக்குள் விமானம் 32 மீட்டர் போய்விடும். பைத்தான் என்ற கணினி மொழியில் நான் எழுதிய நாற்பது வரி அந்தப் பிழையைப் பிடித்தது. அந்த நாளிலிருந்துதான் என்னைக் கூட்டங்களுக்குக் கூப்பிட்டார்கள்.

சந்தேகப்படும் பழக்கம் எனக்குப் பல்கலைக்கழகத்தில் வந்ததல்ல. தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில், சாக்குக்கு என்றும் ஈரத்துக்கு என்றும் கிலோக்கணக்கில் கழிப்பார்கள். அம்மா தலையில் தூக்கும்போதே எடை சொல்லிவிடுவார். தராசு வேறு சொல்லும். அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்ட நாளில் வீட்டில் யாரும் பேச மாட்டோம். அப்புறம், வாசலில் நின்றால் ஏழு கன்னியர் மலை. 1974 டிசம்பர் 4ஆம் திகதி கொழும்பில் இறங்க வேண்டிய டிசி-8 விமானம் அதில்தான் மோதியது. ஹஜ் போன இந்தோனேசியர்களோடு 191 பேர். தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதை விமானிகள் தவறாகக் கணித்துத் தாழ இறங்கிவிட்டார்கள். சின்ன வயதில் அது எங்களுக்குப் பேய்க்கதை.

சரி, உங்கள் விஷயம். போர் விமானப் பக்கம் இப்போதைக்கு அலையாதீர்கள். அமெரிக்காவில் ராணுவத் தொழில்நுட்பத்தைக் கட்டுப்படுத்தும் ஐடார் சட்டத்துக்கு கிரீன் கார்டு போதும், ஆனால் ரகசிய அனுமதி தேவைப்படும் வேலைக்குக் குடியுரிமையே வேண்டும். கனடாவில் சிவில் விமானக் கம்பெனிகளைப் பாருங்கள். கியூபெக்கில் பொறியியலாளர் என்று போட்டுக்கொள்ள அங்குள்ள பொறியியலாளர் சபையின் உரிமம் வேண்டும், அதற்குப் பிரெஞ்சும் வேண்டும். நான் பிரெஞ்சைத் தள்ளிப்போட்டு நாலு வருடம் வீணாக்கினேன்.

ஐடி வேலையா, விமான வேலையா என்று பிரிக்கவே தேவையில்லை. பரிசோதனைப் பிரிவுக்குள் டேட்டா ஆளாகப் போங்கள். 2020இல் கொரோனாவோடு என் வேலை போனபோது, அதே கைத்தொழில்தான் ஐடியில் சோறு போட்டது. இப்போது சர்வர்கள் அனுப்பும் எண்களைச் சந்தேகப்படுகிறேன். சம்பளம் கூடுதல். ஆனால் அதிகாலையில் விமானம் நிறுத்தும் ஹாங்கர் கதவு திறக்கும்போது வரும் எரிபொருள் வாசம் இல்லை. உண்மையைச் சொன்னால், அதற்காக இன்னும் ஏங்குகிறேன்.

இருபதாம் திகதி திரும்புகிறேன். வீட்டில் ஏதாவது கொடுத்தனுப்பினால் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் வந்து வாங்கிக்கொள்வேன். இரண்டு கிலோவுக்கு மேல் வேண்டாம் என்று உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள். இங்கே தூக்கிப் பார்த்தே எடை சொல்ல ஆள் இருக்கிறது.