சாயம் பூசிய வண்டிக் கொட்டகையில் குடிபோகலாமா?

கேள்வி: கோவை ரேஸ்கோர்ஸ் பகுதியில் ஒரு பழைய பங்களாவின் பின்புறத்து வண்டிக் கொட்டகையை வீடாக மாற்றி வாடகைக்கு விடுகிறார்கள். போய்ப் பார்த்தேன். மஞ்சள் கதவு, நீலச் சுவர், சிவப்பு மரப்படி, மேலே படுக்க ஓர் அட்டாலி என்று ஒவ்வொன்றும் மனத்தைக் கவர்ந்தன. மாத வாடகை 18,000 ரூபாய்; முன்பணமாகப் பத்து மாத வாடகை கேட்கிறார்கள். என்னுடன் குடிவரப்போகும் அம்மாவோ, "மாடு கட்டுன எடத்துலயா கண்ணு குடியிருக்கறது?" என்று மறுக்கிறார். என்ன செய்யலாம்? – ஒரு வாசகி, பீளமேடு

பதில்: தங்கள் அம்மா எந்தக் காரணத்தால் அப்படிக் கேட்டாரோ தெரியாது, ஆனால் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். கோவையின் முதல் நூற்பாலை 1888இல் தொடங்கப்பட்ட பிறகு பஞ்சும் நூலுமாகப் பணம் புரண்ட காலத்தில், வசதி படைத்தவர்கள் பங்களாவின் பின்கட்டில் வில்வண்டிக்கும் குதிரை வண்டிக்கும் தனிக் கொட்டகை கட்டிக்கொண்டார்கள். வண்டி ஒரு பக்கமும் குதிரையோ காங்கேயம் காளையோ மறுபக்கமும் நிற்க, வைக்கோலை அட்டாலியில் ஏற்றிவைப்பது வழக்கம். பின்னர் கார் வந்தபோது அதே கொட்டகை கார் ஷெட் ஆனது. இப்போது வாடகை வீடாகிறது.

பல ஆண்டுகள் கால்நடை நின்ற இடத்தில் கோமியமும் சாணமும் தரைக்குள்ளும் சுவரின் அடிப்பகுதிக்குள்ளும் இறங்கியிருக்கும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அவற்றை உப்பாக மாற்றிவிடுகின்றன. அந்தக் காலத்தில் தொழுவத்து மண்ணைக் கரைத்துக் காய்ச்சி வெடியுப்பு எடுத்ததும் இதனால்தான். இந்த உப்பு மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, வெயிலில் உலரும்போது படிகமாகிப் பூச்சை வெளியே தள்ளும். அதன் மேல் எத்தனை அழகான சாயத்தைப் பூசினாலும் இரண்டு மழைக்குமேல் தாங்காது. சென்ற ஆண்டு நண்பர் ஒருவருக்காக இத்தகைய ஒரு வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். ரோஜா நிறச் சுவரில் முழங்கால் உயரத்தில் சிறு கொப்புளங்கள் தெரிந்தன. ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தியவுடன் சாயம் அப்பளம்போல் நொறுங்கி, உள்ளிருந்து மாவுபோன்ற வெள்ளைத் தூள் கொட்டியது. வீட்டுக்காரர் உடனே, "போன வாரம்தான் பெயிண்ட் அடித்தோம்" என்றார். அதைத்தான் நானும் நினைத்தேன்.

ஆகவே அந்த வீட்டை இன்னொரு முறை, முடிந்தால் மழை பெய்த மறுநாள் காலையில், சென்று பாருங்கள். சுவரில் தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை உள்ளங்கையை வைத்துத் தடவிப் பாருங்கள்; புதுச் சாயம் அந்த உயரத்துக்கு மட்டும் அடிக்கப்பட்டிருந்தாலோ, அங்கே மரப்பலகை அறைந்து மறைத்திருந்தாலோ, ஏன் என்று தயங்காமல் கேளுங்கள். அடுத்து வாசலைப் பார்க்க வேண்டும். வண்டி உருண்டு உள்ளே வர வேண்டும் என்பதற்காகக் கொட்டகைகளைப் படி வைக்காமல், முற்றத்தின் மட்டத்திலேயே கட்டியிருப்பார்கள். மாற்றிக் கட்டியவர் உள்தரையை உயர்த்தினாரா, அல்லது பழைய மட்டத்தின் மேலேயே டைல்ஸ் ஒட்டினாரா என்பதைப் பொறுத்தே ஐப்பசி மழையில் நீங்கள் தூங்குவதும் விளக்குமாற்றோடு நிற்பதும். ஒரு வாளி தண்ணீரை வாசலில் ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிடுங்கள்; வீட்டுக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

அட்டாலியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஓட்டுக்கு நேர் கீழே இருப்பதால் சித்திரை வெயிலில் பகல் முழுவதும் அங்கே இருக்க முடியாது. இரவிலும் வெகுநேரம் கனல் அடிக்கும். ஓட்டுக்கும் உள்கூரைக்கும் இடையே காற்று போக வழி விட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று கோவைக்குக் கிடைத்த வரம் என்றாலும், ஆடி மாதத்தில் அதுவே ஓட்டைக் கிளப்பிவிடும்; ஓரத்து ஓடுகள் கலவை வைத்து இறுக்கப்பட்டிருக்க வேண்டும். தங்கள் அம்மாவை நினைத்தால் அந்தச் சிவப்பு மரப்படி எனக்குக் கவலை அளிக்கிறது. வைக்கோல் ஏற்றப் போட்ட ஏணியைத்தான் பல இடங்களில் படியாக்கிவிடுகிறார்கள். கைப்பிடி இல்லை என்றால், அவருடைய கட்டில் கீழேயே இருக்கட்டும்.

முன்பணத்தைப் பொறுத்தவரை தங்களுக்குப் பேச இடமுண்டு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டாலொழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. நீங்கள் பத்து மாதத்துக்குக் கையெழுத்திட்டுவிட்டால் அதுவே ஒப்புதலாகிவிடும் என்பதால், கையெழுத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வதும் அந்தச் சட்டத்தின்படி கட்டாயம். மின்சாரத்துக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்பதை மறந்துவிடாதீர்கள். பங்களாவின் இணைப்பிலிருந்தே கம்பி இழுத்திருந்தால், வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் 100 யூனிட் இலவசம் பங்களாவோடு போய்விடும். இரு வீட்டுப் பயன்பாடும் சேர்ந்து மேல்படிக் கட்டணத்துக்கு ஏறும்.

சுவர் உலர்ந்திருந்து, தண்ணீர் வெளியே ஓடி, முன்பணமும் குறைந்தால் தாராளமாகக் குடிபோங்கள். அப்படிப்பட்ட ஒரு கொட்டகையின் வாசல் ஓரத்தில், சக்கரத்தின் குடம் சுவரை உரசாமல் இருக்க நட்ட கல் இன்னும் நிற்பதைக் கண்டிருக்கிறேன்; நூறு முறை உரசி வழவழப்பாகியிருந்த அந்தக் கல்லுக்கு மட்டும் யாரும் சாயம் பூசாதது எனக்குப் பிடித்திருந்தது.

கேள்வி: லண்டனில் வேலை பார்க்கும் என் மகன் 'மியூஸ்' வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறான். அதுவும் பழைய குதிரை லாயம்தான் என்கிறான். உண்மையா? – ஒரு வாசகர், கரூர்

பதில்: உண்மைதான். பெரிய மாளிகை வரிசைகளுக்குப் பின்னால் ஒரு சந்து விட்டு, கீழே குதிரையும் வண்டியும் மேலே வண்டிக்காரர் குடும்பமும் இருக்கும்படி கட்டிய லாயங்கள் அவை. கார் வந்தபின் அவை வீடுகளாயின. இன்று அந்தச் சந்துகளில் வீட்டுக்கு ஒரு நிறமாகச் சாயம் பூசியிருப்பதைப் படங்களில் பார்க்கலாம். பெயரின் கதை சுவையானது. அரச குடும்பத்து வேட்டைப் பருந்துகள் இறகு உதிர்க்கும் காலத்தில் அடைத்துவைத்த கூடத்துக்குத்தான் முதலில் மியூஸ் என்று பெயர். சேரிங் கிராஸில் இருந்த அந்தக் கூடம் 1534இல் எரிந்துபோனபின் அங்கே அரச லாயத்தைக் கட்டினார்கள். பருந்து போய்க் குதிரை வந்தும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

கேள்வி: எங்கள் ஊர் வீட்டில் தாத்தா காலத்து வண்டிச் சாளை சும்மா கிடக்கிறது. சீர்செய்து வாடகைக்கு விட விரும்புகிறேன். என்ன சாயம் பூசலாம்? – ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: சாயத்துக்கு அவசரப்படாதீர்கள். முதலில் சுவரின் அடிப்பகுதியில் உப்பேறிய பூச்சை மூன்று, நான்கு அடி உயரத்துக்குச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்துவிட்டு, உள்தரை மண்ணையும் ஓரளவு வெட்டி அப்புறப்படுத்துங்கள். கொத்தனார் சிமென்ட் பூச்சுத்தான் உறுதி என்பார், கேட்காதீர்கள். சிமென்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடுவதால் உப்பு இன்னும் உயரமாக ஏறும். சுண்ணாம்புக் காரையே இதற்கு ஏற்றது, ஏனெனில் அதன் வழியே ஈரம் வெளியேறிவிடும். அதன் மேல் சுண்ணாம்பு அடித்து, காவி, மஞ்சள் மண், நீலம் ஆகியவற்றைக் கலந்தால் வேண்டிய நிறம் கிடைக்கும். பிளாஸ்டிக் எமல்ஷனின் பளபளப்பு இருக்காது, கொப்புளமும் இருக்காது. கொத்திய சுவரை ஒரு கோடை முழுவதும் காயவிட்டு, பூச்சை அதன் பிறகு தொடங்குங்கள். வாடகை ஆறு மாதம் தள்ளிப்போகும். அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.