வைனுக்கு வயது முக்கியமா? கேள்வி பதில்

கொழும்பு ஹோட்டல்களில் 18 வருடம் வைன் பரிமாறியவன் நான். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து: அண்ணா, 2016இல் லண்டன் மச்சான் தந்த சிவப்பு வைன் அலுமாரிக்குள் இருக்கிறது. இப்போது விலை கூடியிருக்குமா?

கூடியிருக்காது தம்பி. கடைகளில் விற்கிற வைனில் பெரும்பகுதி ஓரிரு வருடத்துக்குள் குடிக்கவென்றே செய்யப்படுவது. பிரான்சின் நல்ல போர்தோ, இத்தாலியின் பரோலோ, போர்த்துக்கலின் விண்டேஜ் போர்ட் மாதிரிச் சில வகைகள்தான் வருடக்கணக்கில் இருந்து மெருகேறும். அவற்றைக்கூட 12, 13 பாகை செல்சியஸில், இருட்டில், போத்தலைப் படுக்கவைத்துக் காக்கவேண்டும். நம் வீட்டு அலுமாரிக்குள் வருடம் முழுக்க 28, 30 பாகை. வெக்கையில் வைன் விரிந்து தக்கையைத் தள்ளும், அப்புறம் காற்று உள்ளே போகும்.

போத்தலை எடுத்துப் பாருங்கள். தக்கை மேலே துருத்தி நிற்கிறதா? கழுத்து உறையைத் தடவினால் பிசுபிசுக்கிறதா? வைன் மட்டம் தோள்வரை இறங்கிவிட்டதா? திறந்ததும் அவித்த பழ மணம் அடித்தால் வெக்கை தின்றுவிட்டது என்று அர்த்தம். குடித்தால் நஞ்சில்லை, ருசிதான் போயிருக்கும். பழைய வைன் வாங்குகிற அனுபவசாலிகள் அறுவடை ஆண்டோடு சேர்த்து, எங்கே வைத்திருந்தது என்றும் கட்டாயம் கேட்பார்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: மகள் பிறந்த வருடத்து வைன் ஒன்றை அவளின் 21ஆவது பிறந்தநாளுக்கு வைக்கலாமா?

இதே ஆசையோடு ஒரு தகப்பன் என்னிடம் போத்தல் கொண்டுவந்தார். தக்கை கையிலேயே பொடிந்தது. கிளாஸில் விழுந்தது பழுத்த தேயிலைச் சாய நிறம். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அன்றிலிருந்து நான் சொல்வது மதேரா, போர்த்துக்கலின் மதேரா தீவு வைன். அந்தக் காலத்தில் கப்பலில் வெப்ப வலயத்தைக் கடந்தபோது ருசி கூடியதால், அதைச் சூட்டில் வைத்தே பக்குவப்படுத்தப் பழகினார்கள். நம் வெக்கையை அது தாங்கும். ஒரே ஆண்டு அறுவடையில் செய்யும் கொல்யெய்ட்டா மதேரா பீப்பாவில் 5 வருடமாவது இருக்கவேண்டும், ஆகவே மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு தேடுங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து: ஷாம்பேன் போத்தலில் ஆண்டே இல்லை. தரக்குறைவா?

இல்லை அக்கா. பல வருட வைன்களைக் கலந்து செய்வதால் ஆண்டு போடுவதில்லை. அதுவும் சட்டப்படி 15 மாதமாவது முதிர்ந்த பிறகுதான் வெளியே வரும்.

தெஹிவளையிலிருந்து: 2017 வெள்ளை வைன் பாதி விலைக்கு. வாங்கலாமா?

விட்டுவிடுங்கள். சாதாரண வெள்ளை வைனுக்கு அது அதிக வயது. புதிதாக வந்ததை, வெயில் படாத தட்டிலிருந்து கேட்டு வாங்குங்கள்.

மட்டக்குளியிலிருந்து: அப்பா விட்டுப்போன சாராயப் போத்தல் இன்னும் முதிருமா?

முதிராது. சாராயம் முதிர்வது ஹல்மில்ல மரப் பீப்பாவுக்குள்தான், போத்தலில் அடைத்ததும் நின்றுவிடும். ஆனால் மூடி இறுக்கமாக இருந்தால் கெட்டும் போகாது. வைனைப் போலப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வையுங்கள், தக்கை அரிபடாது.