பிரிக்கப்படாத உறைகள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வணக்கம் அம்மா. எங்கள் பகுதியில் இருக்கும் சிறிய தொண்டு நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் நன்கொடை கொடுத்துவருகிறேன். இப்போது புதிதாகக் குடியேறி வருகிறவர்களுக்கும் அவர்கள் உதவுகிறார்களாம். இங்கேயே பிறந்து வளர்ந்த ஏழைகளுக்கே போதாதபோது இது நியாயமா? தயக்கத்தோடுதான் கேட்கிறேன்.

பதில்: கேட்டதற்கு நன்றி. இதை மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, சொல்லாமல் நன்கொடையை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட நிறுவனம் ஒன்றின் உதவி மேசையில் 12 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். ஒருநாள் பிற்பகல் ஒரு பெரியவர் பை நிறையக் கடிதங்களோடு வந்தார். ஓர் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. அந்தத் தெருவிலேயே பிறந்தவர். மனைவி உயிரோடு இருந்தவரை வருகிற கடிதங்களை அவர்தான் படித்துச் சொல்வாராம். தனக்குப் படிக்கத் தெரியாது என்பதைப் பெரியவர் பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியவிட்டதில்லை. அவருக்கு அடுத்த நாற்காலியில் ஓர் இளம்பெண், ஊருக்கு வந்து ஐந்து மாதம் ஆனவர். அவர் மடியிலும் பிரிக்காத உறைகள். நன்றாகப் படித்தவர்தான், ஆனால் அந்த மொழி தெரியாது. பிரித்துப் பார்த்தால் இரண்டு பேருக்கும் வந்திருந்தது வாடகை பாக்கி என்று சொல்லி வீட்டைக் காலி செய்யச் சொல்லும் அறிவிப்பு. வீட்டு உரிமையாளரும் ஒருவரே.

எங்களுக்கு உதவிய வழக்கறிஞர் இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே மாதத்துக்கு இரண்டு முறை வாடகை எழுதப்பட்டிருந்தது, இருவர் கணக்கிலும் அதேபோல. ஒரே கணக்கில் இருந்திருந்தால் கைத்தவறு என்று விட்டிருப்போம். இருவரும் வெவ்வேறு வாசல்களுக்குப் போயிருந்தால் அது யார் கண்ணிலும் பட்டிருக்காது. நீங்கள் ‘இவர்களுக்கா, அவர்களுக்கா’ என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு நாற்காலிகள்தான் நினைவுக்கு வருகின்றன.

ஒரே வாசலில் எல்லாருக்கும் உதவுவது புதிய எண்ணமும் அல்ல. 1884-இல் கிழக்கு லண்டனின் ஏழைகள் நடுவே, படித்தவர்கள் அங்கேயே தங்கி உதவும் இல்லமாக டாய்ன்பீ ஹால் தொடங்கப்பட்டது. அதைப் பார்த்துவிட்டு வந்த அமெரிக்க சமூக சேவகி ஜேன் ஆடம்ஸ், 1889-இல் தோழி எலன் கேட்ஸ் ஸ்டாருடன் சேர்ந்து சிகாகோவில் அதேபோல ஹல் ஹவுஸ் என்ற இல்லத்தைத் தொடங்கினார். சுற்றிலும் பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள். தெருவில் குப்பை அள்ள ஆளில்லை. 1895-இல் அந்த வார்டின் குப்பை ஆய்வாளர் பொறுப்பை ஆடம்ஸ் தாமே ஏற்று, விடியற்காலையில் வண்டிகளின் பின்னால் போனார். அள்ளாத குப்பையால் நோய் வருவதற்கு ஒருவர் எந்த ஆண்டு குடிவந்தார் என்பது ஒரு பொருட்டா?

ஆனாலும் உங்கள் கேள்வியில் நியாயம் உண்டு. வேலை கூடி, ஆட்கள் கூடாவிட்டால் வரிசை நீளத்தான் செய்யும். நன்கொடையாளர் என்ற முறையில் நேரே போய்க் கேளுங்கள்: வரிசையில் முன்னால் யாரை அழைக்கிறீர்கள்? நாளை வீட்டை இழக்கப்போகிறவரையா, முதலில் வந்தவரையா? பழைய குடியிருப்பாளர்களுக்கு ஒதுக்கிய நேரத்தைக் குறைத்தீர்களா? குறைத்திருந்தால் அது குறைதான். சரிசெய்யச் சொல்லுங்கள், ஆனால் நன்கொடையை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது. பத்து வயது மகன்தான் பெற்றோருக்கு எல்லாவற்றையும் மொழிபெயர்க்கிறான். அப்பாவின் பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டாராம். இவர்களைத் தொண்டு நிறுவனத்துக்கு அழைத்துப் போகலாமா?

பதில்: அழைத்துப் போங்கள், ஆனால் அவர் சம்மதித்த பிறகு. சர்வதேச தொழிலாளர் அமைப்பு, கட்டாய உழைப்பைக் கண்டுகொள்வதற்கான 11 அறிகுறிகளைப் பட்டியலிட்டிருக்கிறது. அடையாள ஆவணத்தைப் பிடுங்கி வைப்பது அதில் ஒன்று. அது மட்டுமே எல்லாவற்றையும் நிரூபித்துவிடாது என்றாலும் லேசாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. கோபத்தில் முதலாளியிடம் நீங்கள் போய்ப் பேசிவிடாதீர்கள். மறுநாளே அவருக்கு வேலை போகலாம். தூதரகத்துக்கும் நீங்களாகப் போன் செய்ய வேண்டாம். அடைக்கலம் தேடி வந்தவராக இருந்தால், அவர் இருக்குமிடம் சொந்த நாட்டு அரசுக்குத் தெரிவதே ஆபத்து. எந்தத் தேதியில், யார் கையில் கொடுத்தார் என்று அவர் நினைவில் இருப்பதை எழுதி வைக்கச் சொல்லுங்கள். நிறுவனத்தில் முதலில் கேட்க வேண்டியது: இங்கே சொல்வது யார் யாருக்குப் போகும்? தெளிவான பதில் கிடைத்த பிறகே அவர் பெயரைச் சொல்லுங்கள்.

அந்தப் பையனை மொழிபெயர்க்க அழைத்துப் போகாதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். ஒருமுறை அவசரத்தில், மருத்துவரின் கடிதத்தைத் தாய்க்குச் சொல்லும்படி ஒரு சிறுமியிடம் சொல்லிவிட்டேன். பாதியில் நிறுத்தினாள். கடிதத்தை ஒருமுறை பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு மடமடவென்று ஏதோ சொன்னாள். தாய் சிரித்தார். நோயின் பெயரை அவள் சொல்லவே இல்லை என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த இரண்டு வாரமும் அதை அவள் தனியாகச் சுமந்திருக்கிறாள். என் தவறு அது. அதன்பிறகு, தொலைபேசியிலாவது ஒரு மொழிபெயர்ப்பாளர் கிடைக்கும்வரை அப்படிப்பட்ட கடிதங்களை நாங்கள் வாசித்ததில்லை.

கேள்வி: பணம் கொடுக்க எனக்கு வசதியில்லை. வாரத்தில் இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. அதை வைத்து என்ன செய்ய முடியும்?

பதில்: உதவி தேடி வருகிறவர்களோடு வங்கிக்கும் அலுவலகங்களுக்கும் கூடப் போக ஆள் வேண்டும் என்று பல நிறுவனங்கள் தவிக்கின்றன. வீட்டு முகவரிக்குச் சான்று இல்லாமல் வங்கிக் கணக்கு கிடையாது, வங்கிக் கணக்கு இல்லாமல் வீடு கிடையாது என்று அலைக்கழிக்கப்படுகிறவர், தனியாகப் போனால் முதல் ‘இல்லை’யிலேயே திரும்பிவிடுவார். பக்கத்தில் நீங்கள் இருந்தால், ‘அப்படியென்றால் வேறு எந்தச் சான்றை ஏற்பீர்கள்?’ என்று கேட்கலாம். அவருக்காக நீங்கள் பேச வேண்டியதில்லை. ஒரு நோட்டும் பேனாவும் போதும். அலுவலர் சொன்னதையும் அடுத்து வர வேண்டிய தேதியையும் எழுதி, அந்தத் தாளைக் கிழித்து அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.