சாப்டூரும் பெருமாள் மேஸ்திரியும்

அன்புள்ள ஐயா,

என் ஊர் மதுரை மாவட்டத்தில் சாப்டூர். இப்போது பெங்களூரில் வேலை. ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும், தமிழ் தெரிந்த எல்லோரும் ‘சாப்டியா?’ என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். கல்லூரி விடுதியிலும் இதே கதைதான். அதனால் ‘பேரையூர் பக்கம்’ என்று சொல்லிச் சமாளிக்கிறேன். ஊருக்கு ஒரு நல்ல பெயர் வைக்கக்கூட நம் முன்னோர்களுக்குத் தெரியாதா? மாட்டுத்தாவணி, ஒத்தக்கடை, ஊமச்சிகுளம்... எல்லாமே கேலிக்கென்று வைத்த மாதிரி இருக்கின்றன. தெருக்களிலிருந்து சாதிப் பெயர்களை எடுக்கிறார்கள். இவற்றையும் மாற்றினால் என்ன? சாப்டூர் என்ற பெயர் எப்படி வந்தது? மாற்ற வேண்டுமானால் யாரிடம் மனுக் கொடுப்பது?

கா.

அன்புள்ள கா.,

நீங்கள் எழுதிய நேரத்தில் நான் பெருமாள் மேஸ்திரியை நினைத்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் உங்களைத் திட்டிவிடுகிறேன்.

ஏம்மா, சதுரகிரி மலை அடிவாரத்தில் பிறந்த பிள்ளை நீங்கள். ஜமீன் இருந்த ஊர். அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு ‘பேரையூர் பக்கம்’ என்கிறீர்கள். பேரையூர்க்காரர் கூச்சப்பட்டு ‘திருமங்கலம் பக்கம்’ என்பார். அவர் ‘மதுரை பக்கம்’ என்பார். கடைசியில் எவருக்கும் சொந்த ஊர் மிஞ்சாது. ‘சாப்டியா?’ என்று கேட்டவர்களிடம் ‘இல்லை, வாங்கிக் கொடு’ என்று சொல்லியிருந்தால் விடுதி மெஸ் பில்லாவது மிச்சமாகியிருக்கும்.

பெயர்க்காரணத்தை விடுங்கள். ஊர்ப் பெயருக்குக் காரணம் கேட்டால் தமிழ்நாட்டில் இரண்டே கதைதான். ஒன்று, ராமர் வந்து இளைப்பாறியிருப்பார். இல்லையென்றால் பாண்டியனின் குதிரை தண்ணீர் குடித்திருக்கும். எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை.

சாதிப் பெயர்களோடு உங்கள் ஊரைச் சேர்த்ததுதான் எனக்குக் கோபம். ஒரு மனிதரைத் தலைகுனிய வைக்கிற பெயர் போகத்தான் வேண்டும். 2025 அக்டோபரில் அரசு அதற்கு ஆணையும் போட்டது. அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. உங்களுக்கு நடந்தது நாலு பேர் சிரித்தது. அந்த வலியையும் இந்தக் கூச்சத்தையும் ஒரே மனுவில் எழுதாதீர்கள்.

முன்னோர்களுக்குப் பெயர் வைக்கத் தெரியாதா என்று கேட்டீர்கள். அவர்கள் உட்கார்ந்து யோசித்துப் பெயர் வைத்தார்கள் என்று யார் சொன்னது? வழிதான் சொன்னார்கள். யானைமலைக்குக் கீழே ஒரு கடை இருக்கும், அங்கே இறங்கிக்கொள். அது ஒத்தக்கடை. இன்றைக்கு அங்கே கடையைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியாது, பெயர் மட்டும் முதல் கடையோடு நின்றுவிட்டது. மாடு வாங்கவும் விற்கவும் கூடுகிற சந்தைக்குத் தாவணி என்று பெயர். வெளியூர்க்காரர்கள் பசுமாட்டுக்குப் பாவாடை தாவணி உடுத்திப் பார்க்கிறார்கள் என்றால், அது அவர்கள் கற்பனை வளம். அங்கிருக்கிற பேருந்து நிலையத்துக்கு எம்.ஜி.ஆர். பெயரை வைத்தாயிற்று. அவரைத் தெய்வமாகக் கும்பிடுகிற கண்டக்டரும் வண்டியை எடுக்கும்போது ‘மாட்டுத்தாவணி, மாட்டுத்தாவணி’ என்றுதான் கூவுகிறார். நீங்கள் மனுக் கொடுக்க வேண்டியது கலெக்டரிடம் இல்லை, அந்தக் கண்டக்டரிடம்.

பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தில் அப்பா என்னை மீனாட்சி கோயில் எதிரே இருக்கிற புது மண்டபத்துக்குக் கூட்டிப்போவார். திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் கட்டியது, எங்களுக்கு இன்னும் புதுசு. தூண்களுக்கு நடுவே புத்தகக் கடைகள், தையல் மெஷின்கள், ஒரு பக்கம் வளையல், பாசி என்று அப்போது இருந்தன. ஒருமுறை சென்னையிலிருந்து வந்திருந்த சித்தி மகனும் கூட வந்தான். பக்கத்தில் எழுகடல் தெரு என்று பலகையைப் படித்துவிட்டு, கடல் எங்கே என்று விடாமல் நச்சரித்தான். மீனாட்சியின் தாய் காஞ்சனமாலை கடலாட ஆசைப்பட்டதையும், சிவன் ஏழு கடலையும் அங்கே ஒரு குளத்துக்குள் கொண்டுவந்ததையும் அப்பா பொறுமையாகச் சொன்னார். அவன் கேட்டான், ‘சரி பெரியப்பா, குளம் எங்கே?’ குளத்தின் மேல் கடைகள் இருந்தன. அப்பா கொஞ்சம் யோசித்து, ‘வித்துட்டாங்கடா’ என்றார். அவன் இப்போது வீட்டுமனைத் தொழிலில் இருக்கிறான். அந்தப் பதிலை மட்டும் மறக்கவே இல்லை.

இப்போது பெருமாள் மேஸ்திரிக்கு வருகிறேன். சமீபத்தில் ஒரு இலக்கியக் கூட்டத்தில் நண்பர் ஒருவர், மதுரைத் தெருக்களின் ‘பொருளற்ற’ பெயர்களை நீக்கிவிட்டுச் சங்கப் புலவர்களின் பெயர்களைச் சூட்ட வேண்டும் என்று முழங்கினார். உதாரணத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது பெருமாள் மேஸ்திரி வீதியை. ‘யார் இந்த மேஸ்திரி?’ என்றார். சிரித்தார்கள், கைதட்டினார்கள். எனக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

யார் அந்த மேஸ்திரியா? மீனாட்சி கோயிலைச் சுற்றி நடந்து பாருங்கள். சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று சாமி புறப்பாட்டு மாதங்களாக வரும். மாசி வீதியைத் தாண்டி வெளி வீதிக்குப் போவதற்குள் திடீரென்று இரண்டு மனிதர்கள் குறுக்கே வருவார்கள். தெற்கில் மாரட், மேற்கில் பெருமாள் மேஸ்திரி. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டையை இடிக்கச் சொன்னார். மதிலை இடித்து அகழியைத் தூர்த்த இடத்தில் தெருக்கள் வந்தன. மாரட் அந்த வேலையைப் பார்த்த சர்வேயர். பெருமாள், ஆட்களை வைத்து வேலை வாங்கிய மேஸ்திரி. கூடை கூடையாக மண் அள்ளிக் கொட்டியவர்களின் தலைமாட்டில் வெயிலில் நின்ற மனிதர். மன்னரும் இல்லை, வள்ளலும் இல்லை. தெய்வங்கள் தேரில் வருகிற மாதங்களுக்கு அடுத்த வரிசையில் ஒரு மேஸ்திரிக்கு இடம் கொடுத்த ஊர் இது. வேறு எந்த ஊரில் ஒரு கட்டட மேஸ்திரியின் பெயரில் நகரத்தின் நடு வீதி இருக்கிறது, சொல்லுங்கள்?

வேடிக்கை என்னவென்றால், உத்தரவு போட்ட பிளாக்பர்னுக்கு நன்றியாக ஒரு விளக்குக் கம்பம் நட்டார்கள். கம்பம் இன்றும் இருக்கிறது. நாம் அதை விளக்குத்தூண் என்கிறோம். அந்தப் பக்கம் துணி எடுக்கப் போகிறவர்களில் ஒருவர் வாயிலாவது பிளாக்பர்ன் வருகிறதா? கலெக்டரின் பெயர் கல்லோடு நின்றுவிட்டது. மேஸ்திரியின் பெயரை லாட்ஜ் ரசீதிலும் ஆட்டோக்காரர் வாயிலும் இன்றைக்கும் கேட்கலாம். இதைத்தான் என் நண்பர் பொருளற்றது என்கிறார். கபிலருக்கும் பரணருக்கும் தெரு வேண்டுமென்றால் புறநகரில் புதிதாக மனை போடுகிற இடங்களில் வைக்கட்டும். பொட்டல் காட்டில் ‘கிரீன் சிட்டி’ என்று வளைவு நட்டிருக்கிறார்களே, அங்கே ஒரு புலவர் போய் நின்றால் நானே மாலை போடுகிறேன். எங்கள் மேஸ்திரியைத் தொட வேண்டாம்.

எழுத ஆரம்பித்தது உங்களைப் பற்றி, எங்கேயோ போய்விட்டது. 2020 ஜூனில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மட்டும் மாற்றி அரசாணை வந்தது. கோவைக்காரர்களும் வேலூர்க்காரர்களும் புது எழுத்துகளைப் பார்த்துத் திகைத்துப் போனார்கள். சில நாட்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எழுத்துக்கே இந்தப் பாடு. மனுவை எங்கே கொடுப்பது என்று எனக்குத் தெரிந்தாலும் உங்களுக்குச் சொல்லமாட்டேன்.

நீங்கள் எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். சதுரகிரிக்கு எல்லோரையும் போலத் தாணிப்பாறை வழியாக ஏறி அலுத்துவிட்டது. உங்கள் ஊர்ப் பக்கம் வாழைத்தோப்பு வழியாக ஒரு பாதை உண்டல்லவா? இந்த ஆடி அமாவாசைக்கு அந்த வழியில் விடுவார்களா என்று அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள். வந்தால் உங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

அன்புடன்.