திரையில் தாஜ் மஹால்: ஒரு ப்ளூஸ் கலைஞரின் படங்கள் குறித்துக் கேள்வி பதில்

கேள்வி (திருச்சி): ஐயா, தாஜ் மஹால் என்ற பெயரில் அமெரிக்காவில் ஒரு ப்ளூஸ் பாடகர் இருக்கிறார் என்று அறிந்தேன். அவர் யார்? திரைத்துறையில் அவருக்கு என்ன வேலை?

பதில்: ப்ளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த இசை வடிவம். அதைப் பாடும் இவருடைய இயற்பெயர் ஹென்றி செயின்ட் கிளேர் ஃபிரெடரிக்ஸ். 1942இல் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்து, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் வளர்ந்தவர். காந்தியையும் இந்தியாவையும் பற்றித் தமக்கு வந்த கனவுகளிலிருந்து இந்தப் பெயரை எடுத்துக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். 1960களின் நடுப்பகுதியில் லாஸ் ஏஞ்சலீஸில் கிதார் கலைஞர் ரை கூடருடன் 'ரைசிங் சன்ஸ்' என்ற குழுவில் வாசித்தார். அந்தக் கூடர் பிற்காலத்தில் 'பாரிஸ், டெக்சாஸ்' போன்ற படங்களுக்கு இசையமைத்தார் என்பதை இங்கே சேர்த்துச் சொல்லலாம். தாஜ் மஹால் நடிகராக, இசையமைப்பாளராக, பாடகராக, சில படங்களில் தாமாகவே தோன்றுபவராக என்று பல வகைகளில் திரையோடு தொடர்புடையவர். இந்த வகைகளை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதால்தான் அவருடைய படப்பட்டியலைப் படிப்பவர்கள் தடுமாறுகிறார்கள்.

கேள்வி (கோவை): 'சவுண்டர்' படத்தில் நடித்தவரும் இசையமைத்தவரும் இவர் ஒருவர்தானா?

பதில்: ஒருவர்தான். அவருடைய திரைப்பணியில் முதலிடம் அதற்கே என்பது என் கருத்து. 1972இல் மார்ட்டின் ரிட் இயக்கத்தில் வெளிவந்த அந்தப் படம், வில்லியம் ஆம்ஸ்ட்ராங்கின் நாவலைத் தழுவியது. பொருளாதாரப் பெருமந்தக் காலத்து லூசியானாவில், பிறர் நிலத்தில் பயிரிட்டுப் பிழைக்கும் கறுப்பினக் குடும்பம் ஒன்றின் தந்தை, பிள்ளைகளின் பசிக்காக இறைச்சியைத் திருடிவிட்டுக் கடுங்காவல் தண்டனைக்குப் போகிறார். மூத்த மகன் அவரைத் தேடி நெடுந்தூரம் நடக்கிறான். தாயாக சிசிலி டைசனும் தந்தையாக பால் வின்ஃபீல்டும் நடித்தார்கள். இருவரும் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார்கள். சிறந்த படம், சிறந்த தழுவல் திரைக்கதை ஆகியவற்றுக்கான பரிந்துரைகளும் கிடைத்தன.

தாஜ் மஹால் ஏற்ற வேடம் அந்தக் குடும்பத்தின் நண்பரான ஐக். சிறிய வேடந்தான். ஆனாலும், திரையில் கிதாரோடு வரும் மனிதரே திரைக்குப் பின்னாலிருந்தும் வாசிக்கிறார் என்பதால், அந்த மண்ணில் வாழும் ஒருவர் தம் ஊர்க் கதைக்குத் தாமே வாசிப்பதுபோல இசை ஒலிக்கிறது. துக்கக் காட்சி வந்தால் வயலின் கூட்டத்தை எழுப்பிப் பார்வையாளரை அழவைப்பது அக்கால ஹாலிவுட்டின் வழக்கம். இங்கே பாஞ்சோ என்ற நரம்பிசைக் கருவி, கிதார், மவுத் ஆர்கன், வாய்க்குள்ளேயே முனகும் ஒரு குரல், இவ்வளவுதான். படத்தில் ப்ளூஸ் பாடகர் லைட்னின் ஹாப்கின்ஸின் பழைய ஆன்மிகப் பாடலும் ஒலிக்கிறது. அது தனித்துத் துருத்தாமல் பின்னணி இசையோடு கலந்துவிடுவதே இந்த எளிமைக்குச் சான்று. இசைத்தட்டாக மட்டும் கேட்டால், ஒரே மெட்டின் பல வடிவங்கள் திரும்பத் திரும்ப வருவதாகத் தோன்றி அலுப்புத் தட்டலாம். படத்தோடு சேர்த்தே கேளுங்கள்.

கேள்வி (அதே வாசகர்): இரண்டாம் பாகமும் உண்டாமே?

பதில்: உண்டு, 1976இல் வந்தது. முதன்மை நடிகர்கள் மாறிவிட்டார்கள், ஐக் மட்டும் மாறவில்லை. முதல் படத்தின் கனம் அதில் இல்லை.

கேள்வி (யாழ்ப்பாணம்): ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் சர்க்கஸ் நிகழ்ச்சியில் அவர் பாடியதைப் பார்த்தேன். 1968இல் எடுத்த நிகழ்ச்சி ஏன் அவ்வளவு தாமதமாக வந்தது?

பதில்: 'ராக் அண்ட் ரோல் சர்க்கஸ்' 1968 டிசம்பரில் லண்டனில் தொலைக்காட்சிக்காகப் படமாக்கப்பட்டது. இயக்கியவர் மைக்கேல் லிண்ட்சே-ஹாக். அதிகாலைவரை நீண்ட படப்பிடிப்பில் களைத்துப்போன ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினருக்குத் தங்கள் வாசிப்பில் நிறைவில்லை. அதே நிகழ்ச்சியில் வாசித்த தி ஹூ என்ற ராக் குழு தங்களை விஞ்சிவிட்டது என்று அவர்கள் எண்ணியதாகவும் பரவலாகச் சொல்லப்படுகிறது. நிகழ்ச்சி முடக்கப்பட்டு 1996இல்தான் வெளிவந்தது. தம் முதல் இசைத்தட்டு வெளியான அதே ஆண்டில் தாஜ் மஹால் எப்படிப் பாடினார், அவருடைய கிதார் கலைஞர் ஜெசி எட் டேவிஸ் எவ்வளவு குறைவாக வாசித்து எவ்வளவு சாதித்தார் என்பதையெல்லாம் உலகம் அறிய இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின.

கேள்வி (சென்னை): 'தி ஹாட் ஸ்பாட்' படத்தின் இசை மைல்ஸ் டேவிஸுடையதா, ஜான் லீ ஹூக்கருடையதா, இவருடையதா? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

பதில்: இசையமைப்பாளர் ஜாக் நிட்ஷே. ஜாஸ் கலைஞர் டேவிஸ், ப்ளூஸ் பாடகர் ஹூக்கர், தாஜ் மஹால் என நீங்கள் குறிப்பிடும் மூவரும் வாசித்தவர்கள், பாடியவர்கள். டென்னிஸ் ஹாப்பர் இயக்கி 1990இல் வந்த இந்தப் படத்துக்காக, டேவிஸின் டிரம்பெட்டையும் ஹூக்கரின் முனகலையும் தாஜ் மஹாலின் கிதாரையும் ராய் ரோஜர்ஸின் ஸ்லைடு கிதாரையும் (நரம்புகளின் மேல் குழாயை வழுக்கி வாசிப்பது) ஒன்றாகச் சேர்த்தார் நிட்ஷே. படத்தைப் பற்றி இரு வேறு கருத்துகள் இருக்கலாம், இசையைப் பற்றி எனக்கு ஒரே கருத்துதான். தாஜ் மஹால் தாமே முழுப் பொறுப்பேற்று இசையமைத்த இன்னொரு படத்தைத் தேடுகிறீர்கள் என்றால், 1977இல் வந்த 'பிரதர்ஸ்' இருக்கிறது. அது கறுப்பின உரிமைப் போராளிகளான ஜார்ஜ் ஜாக்சன், ஏஞ்சலா டேவிஸ் ஆகியோரின் வாழ்க்கையிலிருந்து கருக்கொண்ட கதை.

கேள்வி (பெங்களூரு): நகைச்சுவைப் படங்களில் வந்திருக்கிறாரா? குழந்தைகளுக்காக ஏதாவது செய்திருக்கிறாரா?

பதில்: 1991இல் வந்த 'பில் அண்ட் டெட்' இரண்டாம் படத்தில் சொர்க்கத்தின் வாயிற்காப்போனாக ஒரு காட்சியில் வருகிறார். குழந்தைகளுக்கான 'பீப் அண்ட் தி பிக் வைட் வேர்ல்ட்' என்ற கார்ட்டூன் தொடரின் முகப்புப் பாடலைப் பாடியவரும் அவரே. அவரை ப்ளூஸ் பாடகர் என்று அறியாமலே அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் ஏராளம்.

கேள்வி (மதுரை): ஆவணப்படங்களில் எதைப் பார்க்கலாம்?

பதில்: இரண்டைச் சொல்வேன். மார்ட்டின் ஸ்கார்செசி 2003இல் தயாரித்த ப்ளூஸ் தொடரில், அவரே இயக்கிய 'ஃபீல் லைக் கோயிங் ஹோம்' இருக்கிறது. ப்ளூஸ் கலைஞர் கோரி ஹாரிஸ் அமெரிக்காவின் மிசிசிப்பியிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாடுவரை ப்ளூஸின் வேர்களைத் தேடிச் செல்லும் அந்தப் படத்தில் தாஜ் மஹாலும் வருகிறார். அது அவருக்குப் பொருத்தமான இடம். ஏனெனில், மாலியின் கோரா என்ற நரம்பிசைக் கருவிக் கலைஞர் தூமானி தியாபாத்தேயுடன் 1999இலேயே ஓர் இசைத்தட்டு வெளியிட்டவர் அவர்.

மற்றொன்று 2017இல் ஒளிபரப்பான 'தி அமெரிக்கன் எபிக் செஷன்ஸ்'. 1920களின் ஒலிப்பதிவு இயந்திரத்தை மீண்டும் பொருத்தி, இன்றைய கலைஞர்களை அதன்முன் பாடவைத்தார்கள். தொங்கும் எடைக்கல் மெல்ல இறங்க, அந்த விசையில் தட்டு சுழலும். ஏறத்தாழ மூன்று நிமிடங்களுக்குள் பாடி முடித்துவிட வேண்டும், வெட்டி ஒட்டித் திருத்த வழியில்லை. 1927ஆம் ஆண்டு மிசிசிப்பிப் பெருவெள்ளத்தைப் பற்றி அக்கால ப்ளூஸ் பாடகர் சார்லி பேட்டன் பாடிய பாடலை அங்கே தாஜ் மஹால் பாடுகிறார். எழுபதைக் கடந்த அந்தக் குரலின் கரகரப்பு அந்தக் கருவிக்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது.

கேள்வி (தஞ்சாவூர்): சித்ரவீணைக் கலைஞர் ரவிகிரணோடு இவர் சேர்ந்து வாசித்தது எந்தப் படத்துக்காக?

பதில்: படத்துக்காக அல்ல. ரவிகிரண், மோகன வீணைக் கலைஞர் விஸ்வமோகன் பட் ஆகிய இருவரோடும் சேர்ந்து 1995இல் 'மும்தாஜ் மஹால்' என்ற இசைத்தட்டை அவர் வெளியிட்டார். திரைப்பட்டியலில் அதைத் தேட வேண்டாம்.

கேள்வி (சேலம்): இணையப் பட்டியல்களில் அவர் பெயருக்கு எதிரே நீளமாக வரிசை இருக்கிறதே, எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அந்த வரிசையில் பெரும்பகுதி, அவருடைய பழைய பதிவுகள் ஏதோ ஒரு காட்சியில் ஒலித்ததற்கான குறிப்புகளும், நிகழ்ச்சிகளில் அவர் தாமாகவே தோன்றியதற்கான குறிப்புகளுமே. அவற்றை ஒதுக்கிவிட்டு, நடிகர், இசையமைப்பாளர் என்ற இரண்டு தலைப்புகளை மட்டும் பாருங்கள். 'சவுண்டர்' முதலில். அடுத்து, கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப் பாடல்களைச் சேகரிக்கும் பெண்ணின் கதையான 'சாங்கேட்சர்'. 2000இல் வந்த அந்தப் படத்தில் அவருக்குச் சிறிய வேடம்தான், பாட்டுக்காகப் பார்க்கலாம். 1998இல் வந்த 'அவுட்சைடு ஓசோனா'வில் இரவு நேர வானொலி அறிவிப்பாளராக வருகிறார். கதை சுமார், குரல் அருமை.