பெக்கோ பிடிக்குமுன்: வன்னிக் காணிக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

வன்னியில் சிறு காணி வைத்திருப்பவர்கள் பற்றை, மரம், மிருகம், பாம்பு பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

நெடுங்கேணியிலிருந்து: ஐயா, அப்பாவின் இரண்டு ஏக்கர் காணி இடம்பெயர்ந்த காலத்தில் கைவிடப்பட்டுப் பற்றைக்காடாகிவிட்டது. பெக்கோ (மண் வாரும் இயந்திரம்) பிடித்தால் ஒரே நாளில் துப்புரவாகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

அவசரப்படாதீர்கள் தம்பி. அந்தக் காணி கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டதுதானா என்று முதலில் கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். அது தெரியும்வரை தோண்டவும் வேண்டாம், பற்றைக்குத் தீ வைக்கவும் வேண்டாம். புதைந்து கிடக்கும் வெடிபொருள் சூட்டிலும் வெடிக்கும். துருப்பிடித்த உலோகம் எதையாவது கண்டால் தொடாமல் விலகி வந்து பொலிஸாருக்கு அறிவியுங்கள்.

பிறகு, கத்தி எடுக்குமுன் வெள்ளைத் துணிக்கீலங்களோடு காணியை ஒருமுறை சுற்றி வாருங்கள். விட வேண்டிய மரங்களில் அவற்றைக் கட்டுங்கள். பற்றைக்குள் பழைய அடிக்கட்டைகள் கிடக்கும். பாலை, வீரை போன்றவற்றின் கட்டையிலிருந்து ஏழெட்டுக் கிளைகள் வெடித்து ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். நிமிர்ந்த ஒன்றையோ இரண்டையோ விட்டுவிட்டு மற்றவற்றை அடியோடு நறுக்குங்கள். வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருக்கிறது. புதிதாக நடும் கன்று இந்த வேகத்தை எட்டவே முடியாது. அதிலும் பாலை மிக மெதுவாக வளரும் மரம். இருப்பதைக் கிளப்பி எறிந்துவிட்டு மரநடுகைத் திட்டத்தில் கன்று வாங்கி நடுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

பெக்கோ மேல்மண்ணை வழித்து ஒரு மூலையில் குவித்துவிடும். ஐப்பசி மழைக்கு அந்த வெறும் தரை அரித்து ஓடும். அடுத்து முளைப்பது நாயுண்ணியும் பார்த்தீனியமும்தான். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் பக்கத்து எல்லையிலாவது ஒரு பட்டி பற்றையை அப்படியே விடுங்கள். விளா, காரை, சூரை கலந்த அந்த வரிசை, கோடைக்காற்று பயிரைக் காயவிடாமல் மறிக்கும். புழு பிடிக்கும் குருவிகளும் அங்கேதான் தங்கும்.

ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்: சொந்தக் காணியில் தறித்த பாலை, முதிரை என்றாலும் வீதியில் ஏற்றிச் செல்ல அனுமதிப்பத்திரம் வேண்டும். பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

செட்டிகுளத்திலிருந்து: கரட் இலை போன்ற இலையும் சிறிய வெள்ளைப் பூவும் உள்ள செடி வீட்டுக் கோடியில் நிறைந்துவிட்டது. பிடுங்கிய மகளுக்குக் கையெல்லாம் கடி, அரிப்பு.

அது பார்த்தீனியம், தங்கச்சி. பிள்ளையை இனி அதன் கிட்டே விடாதீர்கள். கடி குறையாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும் நாளில், பூப்பதற்கு முன், கையுறையும் நீளக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு வேரோடு பிடுங்குங்கள். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை கொட்டும். பூத்ததை உலுப்பாமல் பைக்குள் போட்டுக் கட்டிவிட்டுத்தான் பிடுங்க வேண்டும். வெளியிலிருந்து வரும் மணல், வைக்கோல், மாட்டெரு ஆகியவற்றோடு விதை வந்து சேரும். கொட்டிய இடத்தை அடுத்த மாரியில் கவனியுங்கள். ஆவரையும் தகரையும் அடர்ந்து நிற்கும் இடத்தில் இது எளிதில் தலைதூக்காது.

ஒட்டுசுட்டானிலிருந்து: யானை இரவில் வந்து வாழையை முறிக்கிறது. வேலிக் கம்பிக்கு வீட்டு மின்சாரத்தைக் கொடுக்கலாமா?

கூடவே கூடாது. அந்தக் கம்பியில் யானையும் சாகும், விடியப்புறம் மாடு தேடிப் போகும் அயலவரும் சாவார். முறையான யானைவேலியில் மின்சாரம் விட்டுவிட்டு ஒரு கணத்துக்கே பாயும். அது அடித்துத் துரத்தும், கொல்லாது. அதற்கும் பராமரிப்பு வேண்டும். ஒரு கொடி கம்பியில் படர்ந்தாலே மின்சாரம் நிலத்துக்குப் போய்விடும். யானை அதை அறிந்துகொள்ளும். மின்சாரம் பாயாத தூணைக் காலால் தள்ளி வீழ்த்திவிட்டு உள்ளே வரும்.

தனி ஒருவர் தன் வளவைச் சுற்றி அடைப்பதைவிட ஊரைச் சுற்றி ஒரே வேலி, வயலுக்குப் பயிர்க்காலத்தில் மட்டும் போட்டுக் கழற்றும் வேலி என்ற முறையே பயன் தருகிறது. மனித-யானை மோதலைத் தணிக்க 2020 இல் வகுக்கப்பட்ட தேசியச் செயற்திட்டமும் இதைத்தான் வலியுறுத்துகிறது. காட்டுக்கு நடுவே போட்ட வேலிகள் பல தோற்றதற்குக் காரணம், இரண்டு பக்கமும் யானை நின்றதே. படுக்கும் அறையில் நெல் மூடையை அடுக்காதீர்கள்; அந்த வாசத்துக்குத்தான் சுவரை உடைக்கிறது. வாழை இருந்த எல்லையில் தோடை, தேசி வையுங்கள், யானை அவற்றை விரும்பாது.

பூசணிக்காய்க்குள் வெடி வைப்பவர்களைக் கண்டால் தயங்காமல் அறிவியுங்கள். வாய் சிதறிய யானை தின்ன முடியாமல் நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகிறது.

மாங்குளத்திலிருந்து: பாலைப்பழக் காலத்தில் கரடிக்குப் பயந்து போக முடியவில்லை.

கரடிக்கும் அது விருந்துக் காலம். வெயில் ஏறிய பிறகு, இரண்டு மூன்று பேராக, சத்தமாகக் கதைத்துக்கொண்டு போங்கள். திடீரென்று எதிர்ப்பட்டால்தான் அது முகத்தில் பாயும். பழத்துக்காகக் கொப்பை வெட்டி வீழ்த்துவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். உதட்டில் பால் ஒட்டும் அந்த மஞ்சள் பழம், வெட்டிய கொப்பில் அடுத்த வருடம் வராது.

துணுக்காயிலிருந்து: வீட்டைச் சுற்றிப் பாம்பு அதிகம். புற்றை இடிக்கலாமா?

வீட்டோடு ஒட்டிய விறகுக் குவியலையும் ஓட்டுக் குவியலையும் முதலில் அகற்றுங்கள். எலி குறைந்தால் பாம்பும் குறையும். தூரத்தில் இருக்கும் புற்றை விட்டுவிடுங்கள். சாரை எலி பிடிக்கும், அதை அடிக்காதீர்கள். முக்கியமாகப் பயப்பட வேண்டியது இரண்டுக்கு: அறுவடை வயலில் புடையனுக்கு (கண்ணாடி விரியன்), இரவில் வீட்டுக்குள் வரும் எட்டடி விரியனுக்கு. எட்டடி விரியன் கடித்தது நித்திரையில் தெரியாமலே போகலாம். வெறும் தரையில் படுக்காமல், நுளம்பு வலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொண்டு படுங்கள். கடி என்று சந்தேகம் வந்தாலே நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மந்திரித்துப் பார்வை பார்க்கும் வைத்தியத்தில் நேரத்தைக் கரைக்க வேண்டாம்.

முத்தையன்கட்டிலிருந்து: அலங்கு (எறும்புதின்னி) ஒன்று கிணற்றடிக்கு வருகிறது. நல்ல விலை தருவதாக ஒருவர் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். பிடிப்பதும் விற்பதும் குற்றம். கேட்டவரைப் பற்றி வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். அது கறையானும் எறும்பும் தின்று போகும் பிராணி, பயிரைத் தொடாது. நாயை மட்டும் இரவில் கட்டி வையுங்கள்.

வவுனிக்குளத்திலிருந்து: கச்சான் (நிலக்கடலை) விதையை மயில் கிண்டி எடுக்கிறது.

முளைத்து நிமிரும்வரைதான் ஆபத்து. விதைத்த பாத்தியில் சூரை முள்ளைப் பரப்புங்கள். காலையும் மாலையும் ஆள் நிற்கட்டும். நஞ்சு வைக்க வேண்டாம். அதை உங்கள் கோழியும் தின்னும்.